ஒரு நூல் உள்பக்கம்

அக்டோபர் 6, ஞாயிறு

இந்த டைரி என் சைக்கிள் பயிற்சிக்காக வைத்தது. இதில் என் மனைவி சுகந்தியைப் பற்றி எழுதுவதில்லை என்று போன மாதம் முடிவு செய்திருந்தேன். இன்று எழுதாமல் முடியவில்லை.

ஆறு வருடமாக நான் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் காணாமல் போய்விடுகிறேன் என்று அவள் புலம்பியதால், போன வருடம் அவளுக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். இன்று செம்மேடு ஏற்றத்தில், துணி ஷூ போட்டுக்கொண்டு, மணி கூட அடிக்காமல் என்னைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது "வரேனுங்க" என்று ஒரு மரியாதை வேறு.

ஆலாந்துறை டீக்கடையில் எங்கள் குழுவின் கேப்டன் வெள்ளிங்கிரி அண்ணன் ஒரு அறிவிப்பு செய்தார். ஜனவரியில் நீலகிரியைச் சுற்றும் பெரிய பயணத்துக்கு நம் குழுவிலிருந்து நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நான்காவது ஆள், டிசம்பர் எட்டாம் தேதி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் போட்டியில் மீதிப் பேரில் யார் முதலில் வருகிறாரோ அவர். மீதிப் பேர் என்றால் நான்தான். இது ஊருக்கே தெரியும். அப்போதுதான் ஜெரால்டு, "அக்காவும் ஏறட்டுமுங்ணா" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜெரால்டு பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது. எப்போது பார்த்தாலும் யாருடைய காலையாவது பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அக்டோபர் 9, புதன்

சுகந்திக்குப் புது ஷூ வந்துவிட்டது. ரோடு சைக்கிளுக்கான அசல் ஷூ, அடியில் மூன்று திருகில் க்ளீட் மாட்டுவது. க்ளீட் என்பது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் துண்டுதான். பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும். பூட்டிக்கொண்ட பிறகு காலும் சைக்கிளும் ஒன்று. மிதிப்பதில் ஒரு துளி பலமும் வீணாகாது. அதாவது இவள் இன்னும் வேகமாகப் போவாள்.

க்ளீட்டை எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தான் வந்து மாட்டித் தருவதாக ஜெரால்டு அவளுக்கு போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் பாதம் எப்படி நிற்கிறதோ அப்படியே விட வேண்டுமாம். அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பூட்டினால் முழங்கால் போய்விடுமாம்.

நான் போனை வாங்கி, "உனக்கெதுக்குப்பா சிரமம், நானே பாத்துக்கறேன்" என்றேன். பம்ப்செட் கம்பெனியில் அசெம்ப்ளி பிரிவுக்கே மேலாளர் நான். மூன்று திருகுக்கு அவன் வர வேண்டுமா?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியில் முடித்துவிட்டு வந்து, வீட்டில் இரண்டு சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம். சுகந்தி புது ஷூவையும் பூஜையில் வைக்கிறேன் என்றாள். செருப்பைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைப்பாயா என்று சத்தம் போட்டேன். அவள் ஷூவை விட்டுவிட்டு, பிரிக்காத க்ளீட் பாக்கெட்டை மட்டும் எடுத்துப் பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டும் வைத்துவிட்டாள். என் க்ளீட்டுக்கு ஆறு வருடத்தில் யாரும் பொட்டு வைத்ததில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நல்ல நாள் என்று இன்றே மாட்டினேன்.

அவளைச் சாப்பாட்டு மேசை மேல் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னேன். இடது பாதம் நேராக நின்றது. வலது பாதம் வெளிப்பக்கமாக விரிந்து நின்றது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. ஷூவைப் போட்டு, பெருவிரலுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பை விரலால் தேடி, ஷூ மேல் ஒரு புள்ளி வைத்தேன். சுண்டுவிரல் பக்கம் இன்னொன்று. கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். இந்த வேலையை ஜெரால்டு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு புள்ளிக்கும் நடுவில் க்ளீட், திருகில் க்ரீஸ், மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

கோணம் இரண்டையும் நேராகவே வைத்தேன். ஒரு ஜோடி என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வலது கால் விரிகிறதே என்று அவளே கேட்டாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

க்ளீட் போட்ட முதல் நாள் எல்லோரும் விழுவார்கள். சைக்கிள் நின்ற பிறகுதான் கால் பூட்டியிருப்பது ஞாபகம் வரும், அப்படியே வேரோடு சாய வேண்டியதுதான். நான் பேரூர் கோயில் முன்னால், பூக்காரர்கள் எல்லோரும் பார்க்க விழுந்தேன். குழுவில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சுகந்தி விழவில்லை. நேற்று சாயந்திரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பழகியிருக்கிறாள். எனக்கு ஏன் அன்று அது தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

முதுகுதான் தெரிந்தது. அவளுடையதும் ஜெரால்டுடையதும். இரண்டு பேரும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள். பேசிக்கொண்டே அந்த வேகம் போக முடிகிறது என்றால் மூச்சு எவ்வளவு மீதி இருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன், இதில் என்ன இருக்கிறது. எரிந்தது.

வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவன் அம்மா கேக் செய்வது பற்றியாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

நல்ல நாள். காற்று இல்லை, வெயில் இல்லை.

தொண்டாமுத்தூர் தாண்டியதும் சுகந்தி பின்தங்கினாள். வலது முழங்கால், உள்பக்கம் வலிக்கிறது என்றாள். நான் குழுவை அனுப்பிவிட்டு அவளுக்காக நின்றேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மெதுவாக வா, அவசரமில்லை என்று பக்கத்திலேயே ஓட்டி வந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன நாள் நாந்தான் உங்களப் புரிஞ்சுக்கல" என்றாள்.

மத்தியானம் பிரியாணி வாங்கி வந்தேன். எனக்கு அப்படிப் பசித்தது.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி நேற்று. சுகந்தியால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது முழங்காலைத் தொட்டால் முகம் சுருங்குகிறது. ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர், நாள் முழுக்க நின்றே பாடம் எடுக்க வேண்டும். இப்போது நாற்காலி போட்டுக்கொள்கிறாளாம்.

கோத்தகிரி போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். உடம்புதான் முக்கியம் என்றேன். "எனக்கு நெம்ப ஆசையா இருக்குதுங்க" என்றாள். இந்த மாதிரி ஒரு குரலில் அவள் நகை கூடக் கேட்டதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ஜெரால்டு வந்தான். கேக்கோடு. முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, மூட்டில் ஒன்றுமில்லை, க்ளீட் கோணமாகத்தான் இருக்கும், அடுத்த ஞாயிறு தன் க்ளினிக்குக்கு ஷூவைக் கொண்டு வந்தால் சரி செய்துவிடுகிறேன் என்றான். ஷூவை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினான். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றேன். பூட்டவில்லை.

அவன் போன பிறகு, நான் மாட்டியதை நானே சரி செய்கிறேன் என்று சுகந்தியிடம் சொன்னேன். சரிங்க என்றாள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 9, சனி

சுகந்தி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கார் ஷெட்டில் உட்கார்ந்து ஷூ வேலையை முடித்தேன்.

முதலில் பழைய இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு. பிறகு திருகைத் தளர்த்தினேன். என் யோசனை இதுதான். வெளியே விரிகிற பாதத்தை அதன் போக்கில் விடக் கூடாது. இன்னும் உள்ளே இழுத்துப் பூட்ட வேண்டும். கட்டுப்பாடு இல்லாத கால்தான் வலிக்கும். அதனால் வலது க்ளீட்டின் முன்முனையை, அதாவது மூக்கை, பெருவிரல் பக்கமாக, உள்ளே, ஒரு நூல் திருப்பினேன். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; எங்கள் அசெம்ப்ளியில் அது மிக அதிகம். ஜெரால்டு சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. அவன் ஒருவன் சொல்லிவிட்டால் வேதமா?

நல்ல நோக்கத்தோடுதான் செய்தேன். சும்மா ஐந்து நிமிட வேலை, கொஞ்சம் நேரமாகிவிட்டது. கை வியர்த்து ஆலன் கீ வழுக்கியது. ஷெட்டில் காற்றே வராது.

இறுக்கி, கோட்டைத் துணியால் துடைத்துவிட்டேன். கோடு இருந்தால் பார்க்க அசிங்கம்.

நவம்பர் 10, ஞாயிறு

சின்ன தூரம் ஓட்டிப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 14, வியாழன்

மழை. ஓட்டவில்லை.

மாடிப்படியில் சுகந்தி வேகமாக ஏறுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வலி போய்விட்டது. போனது மட்டுமில்லை, செம்மேடு ஏற்றத்தில் ஜெரால்டையே விட்டுவிட்டுப் போனாள். மேலே நின்று எங்களுக்காகக் காத்திருந்தாள். நான் வந்ததும் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இவரே ஒக்காந்து சரி பண்ணிட்டாருங்க" என்றாள். வெள்ளிங்கிரி அண்ணன் என் முதுகில் தட்டினார்.

நான் திருப்பியது உள்பக்கம். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் கால் உள்ளே அல்லவா போயிருக்க வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

வேலை முடிந்து வரும் வழியில் ஜெரால்டின் க்ளினிக்கில் நின்றேன். சும்மாதான். அவன் நேற்றே அவள் ஷூவின் அடியைப் பார்த்துவிட்டானாம். ஒரு ஷூவையும் பெடலையும் கையில் எடுத்து எனக்குக் காட்டினான்.

"பெடல்ல க்ளீட் எப்பவுமே நேராத்தான் நிக்குமுங்ணா. மூக்க நாம உள்ள திருப்புனா, பெடல்ல அது அசையாது, ஷூதான் வெளிய திரும்பும். பாதி பேரு இத தலைகீழாத்தான் பண்ணுவாங்க. கால் வெளிய போகணும்னு மூக்க வெளிய திருப்பி முட்டியக் கெடுத்துக்குவாங்க. நீங்க திருப்புன மொதத் தடவையே கரெக்டாப் புடிச்சிருக்கீங்க."

இருபத்திரண்டு வருடமாக வரைபடம் பார்த்து வேலை செய்கிறவன் நான். ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் இப்படி ஏமாந்தேன்.

ஏமாந்தேன் என்று எழுதியது சரியில்லை. அவள் வலி போனதில் எனக்கும் சந்தோஷம்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

குழுவில் மூன்று பேர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். தனபால் அண்ணன், அதாவது நான், கை வைத்தால் வலி போய்விடுமாம். ஜெரால்டே ஒருவரை என்னிடம் அனுப்பியிருக்கிறான். பெரிய மனிதத்தனத்தைக் காட்டிக்கொள்கிறான். வீட்டு முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊரான் பாதத்தை எல்லாம் தடவிப் பார்த்து எலும்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சுகந்தி எல்லோருக்கும் காபி கொடுத்து, என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

ஓட்டினால் என்னைத் தாண்டுகிறாள். தாண்டாவிட்டால் என்னைப் புகழ்கிறாள். இரண்டில் எது அதிகம் எரிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

தனியாக மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்பினேன். நெஞ்சு அடைக்க மிதித்தேன். என் பழைய வேகம் வரவில்லை. சளி என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7, சனி

நாளை கோத்தகிரி.

சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். இரண்டு பேருடையதற்கும். சுகந்தி ஷூவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஒருக்கா திருகெல்லாம் இறுக்கிப் பாத்துருங்க. நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு உள்ளே எலுமிச்சை சாதம் கிளறப் போய்விட்டாள்.

இப்போது எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனிமேல் தலைகீழாகச் செய்ய வழியில்லை. ஷெட்டில் என்னையும் அந்த ஷூவையும் தவிர யாருமில்லை. ஒரு நூல் கூட வேண்டாம், அரை நூல் போதும். பாதி மலையில் வலி வரும், என் கூடவே மெதுவாக வருவாள். நான் இளநீர் வாங்கித் தருவேன்.

சமையலறையிலிருந்து கடுகு தாளிக்கிற வாசம் வந்தது. மூன்று திருகையும் இருந்த இடத்திலேயே இறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. நல்ல புத்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் உணரவில்லை. பசித்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் பனி. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினோம். குஞ்சப்பனை சோதனைச் சாவடி வரை அவள் என் பின்னால்தான் இருந்தாள். வேண்டுமென்றே இருக்கிறாள் என்று தெரிந்தது. அது தாண்டிப் போவதை விட மோசம். திரும்பிப் பார்க்காமலே, போவதென்றால் போ என்று சொன்னேன். நல்லபடியாகச் சொல்லவில்லை.

போய்விட்டாள். அடுத்த வளைவில் தெரிந்தாள், அதற்கடுத்த வளைவில் என் தலைக்கு மேலே தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. இடுப்பு ஆடவில்லை, தோள் அசையவில்லை, வலது கால் அதன் இஷ்டப்படி கொஞ்சம் வெளியே விரிந்து, அவ்வளவு அழகாக மிதித்துப் போனாள். நான் அவள் கணவனாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

அரவேணுவில் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னைத் தாண்டி ஓடினான்.

கோத்தகிரி டீக்கடையில் அவளுக்கு மாலை வாங்கிப் போட்டிருந்தார்கள். நான் வந்ததும் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஜெரால்டு மட்டும் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஜனவரிக்கு நான்காவது ஆள் சுகந்தி.

சாயந்திரம் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் ஜெர்சியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் சட்டென்று நிறுத்திவிட்டு, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். ஜெரால்டைப் பற்றி என்று நினைத்தேன். கிளிப் கையிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கு நீங்க ஷெட்டுல ஷூவப் பாத்துட்டு இருந்தீங்கல்ல, நான் அக்கா வீட்டுல இருந்து சீக்கிரமே வந்துட்டனுங்க. கேட்டுப் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஷூவ மடியில வெச்சுட்டு அவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தீங்க. உங்க மொகத்தப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. நான் முந்திப் போயரக் கூடாதுன்னு எதையோ பண்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

நான் ஜெர்சியின் கையை இன்னொரு முறை பிழிந்தேன்.

"நீங்க கோட்டத் தொடச்சதக்கூடப் பாத்தேன். அடுத்த நாள் அந்த ஷூவப் போடவே பயந்தேன். ஜெரால்டுகிட்டச் சொல்லிக் கூட அழுதுட்டேன். பொறவு பாத்தா எனக்கு வலியே இல்ல. இத்தன நாளா எனக்காக யோசிச்சு யோசிச்சு ஒக்காந்திருந்த மனுசனப் போயி அப்புடி நெனச்சுட்டனேன்னு தூக்கமே இல்லீங்க. என்னை மன்னிச்சுருங்க."

அழுதுகொண்டிருந்தாள். ஈர ஜெர்சியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கிளிப்பைக் கொடியில் மாட்டினேன். பரவாயில்லை, விடு என்றேன். அவளுக்குப் போதவில்லை. அப்படி எல்லாம் சும்மா சொல்லக் கூடாது, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வாயைத் திறந்து, மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க என்றாள்.

சொன்னேன்.